மீட்டர்க்காரம்மா

இந்திராணிக்குக் கரண்ட் என்றால் ஆகாது. பிள்ளையார்பாளையத்தில் அவர்கள் வீட்டுக்கு விளக்கு இழுத்துப் பல வருடம் ஆன பிறகும், சுவிட்சைத் தொடுவதற்கு முன்னால் கையை முந்தானையில் துடைத்து, ஈரம் இல்லை என்று பார்த்து, விரல் நுனியால் ஒரு தள்ளுத் தள்ளிவிட்டு வெடுக்கென்று இழுத்துக்கொள்வாள். பக்கத்து வீட்டு லோகாம்பாள் அதைப் பார்க்கும்போதெல்லாம் சிரிப்பாள். "மெக்கானிக் பொண்டாட்டிய பாரு, கோழி கொத்த வர்ற மாதிரி பயந்துக்கினு" என்பாள். அப்படிப்பட்டவளைத் தேடித்தான் பின்னாளில் தாமல் பக்கத்திலிருந்தும் தென்னேரி பக்கத்திலிருந்தும் மோட்டார் வேலைக்காரர்கள் மீட்டர்க்காரம்மா வீடு எது என்று கேட்டுக்கொண்டு வந்தார்கள்.

அவள் பிறந்ததும் தறி வீடு, வாழ்க்கைப்பட்டதும் தறி வீடு. ஆனால் புருஷன் சபாபதி தறியில் உட்கார்ந்ததில்லை. சண்டைக் காலத்தில் பட்டாளத்துக்குப் போய், ஒயர்லெஸ் பட்டறையில் வேலை பழகிக்கொண்டு திரும்பியவர். வந்ததும் செய்த முதல் காரியம், கூடத்தில் இருந்த தறிக்குழியைத் தூர்த்து அதன்மேல் மேஜை போட்டதுதான். வீட்டில் தறி போன பிறகு இந்திராணி தெருவுக்குப் பொதுவாக வேலை செய்தாள். எந்தத் தறியில் நீளவாட்டில் ஓடும் பாவு முடிந்தாலும் பிணைக்கக் கூப்பிடுவது அவளையும் லோகாம்பாளையும்தான். பழைய பாவை முழுக்க உருவிவிட மாட்டார்கள். அதன் ஒவ்வொரு நுனியோடும் புதுப் பாவின் நுனியைச் சேர்த்து முறுக்கிவிட்டால், புது இழை பழசைப் பிடித்துக்கொண்டே தறி அச்சின் பல்லுக்குள் போய்விடும். பட்டு விரலில் வழுக்காமல் இருக்க, பக்கத்தில் ஒரு கொட்டாங்கச்சியில் வரட்டிச் சாம்பல் இருக்கும். தொட்டு, சேர்த்து, ஒரு திருகு. ஆயிரக்கணக்கான இழைகள். வாய் ஊர் வம்பு பேசிக்கொண்டிருக்கும், விரல் தன்பாட்டுக்கு ஓடும். இந்திராணி முறுக்கியது அச்சில் அறுந்தது என்று யாரும் சொன்னதில்லை.

சபாபதியின் தொழிலைத் தெருவுக்கு விளங்க வைப்பது சிரமம். ரேடியோ ரிப்பேர் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். ரேடியோவும் பார்ப்பார். ஆனால் அவரைத் தேடி வெளியூர்க்காரர்கள் கொண்டுவந்தது ரேடியோவை அல்ல, ரேடியோவைச் சோதிக்கிற பெட்டிகளை. வால்வு டெஸ்டர், ஆஸிலேட்டர், மீட்டர். முக்கால்வாசி சண்டைக்குப் பிறகு பட்டாளத்தார் கழித்துப்போட்டு, சென்னை மூர் மார்க்கெட் வழியாக வந்த கிழட்டுச் சாமான்கள். கறுப்புப் பெட்டி, தோல் வார், அம்மிக் குழவி கனம். எது வந்தாலும் சபாபதி முதலில் மூடியைக் கழற்றி மோந்து பார்ப்பார். கருகிய வாடை ஒன்று, ஈரத்தில் ஊறிய பருத்தி வாடை ஒன்று, கரப்பான் வாடை ஒன்று. ஒரு ஆஸிலேட்டர் மழை நாளில் மட்டும் ஊமையாகிவிடுகிறது என்று வாலாஜாபாத்திலிருந்து தூக்கி வந்தார்கள். மோந்து பார்த்தவுடனேயே சிரித்துவிட்டார். உள்ளே ஒரு கண்டென்சரின் மேலிருந்த மெழுகைக் கரப்பான் சுரண்டித் தின்றிருந்தது.

மீட்டர் விஷயத்தில் மட்டும் சிரிப்பு வராது. பழுது பார்த்த மீட்டரை அன்றைக்கே கொடுக்க மாட்டார். இரவு அலமாரியில் கிடக்கும். காலையில் டார்ச் செல்லை வைத்து முள் எழுகிறதா என்று பார்ப்பார், விரல் முட்டியால் பெட்டியை நாலு பக்கமும் தட்டுவார், அப்போதும் முள் நின்ற இடத்தில் நின்றால்தான் கொடுப்பார். அவசரப்படுத்துகிறவர்களுக்கு ஒரே பதில்தான்.

"ரேடியோ கெட்டா பாட்டு நிக்கும்பா, அவ்ளோதான். மீட்டர் கெட்டா இருக்கிற கரண்ட்ட இல்லேன்னு சொல்லும். அத்த நம்பி ஒருத்தன் கைய வெப்பான்."

ஆரணியில் பெண்ணைக் கட்டிக்கொடுத்த வருடத்துக்கு அடுத்த வருடம் அவருடைய வலது கை ஆட ஆரம்பித்தது. முதலில் காபி டம்ளரில்தான் இந்திராணிக்குத் தெரிந்தது. பிறகு மேஜைக்கடியில் சிறு சிறு திருகாணிகள் உருண்டு கிடப்பதைக் கூட்டும்போது பார்த்தாள். சபாபதி எதுவும் சொல்லவில்லை. ஆள் வந்தால் கையைத் துண்டுக்குள் வைத்துக்கொண்டு பேசினார். அலமாரியில் மீட்டர்கள் சேர ஆரம்பித்தன. கேட்டவர்களிடம் சாமான் சென்னையிலிருந்து வரவேண்டும் என்றார். சாமான் எதற்கும் அவர் எழுதிப்போடவில்லை என்பது இந்திராணிக்குத் தெரியும்.

அந்தச் சமயத்தில்தான் துரைக்கண்ணுவின் மீட்டர் வந்தது. துரைக்கண்ணு தாமல்காரன், பயிர்க் குடும்பம். கிணற்றுக்குக் கிணறு மோட்டார் வந்துகொண்டிருந்த காலம் அது. கலப்பையை அண்ணனிடம் விட்டுவிட்டு மோட்டார் வேலையைப் பிடித்துக்கொண்டவன். சைக்கிள் காரியரில் மீட்டரைக் கட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போவான். மேடு பள்ளத்தில் குதித்துக் குதித்து மீட்டர் உயிரை விட்டிருந்தது. அது இல்லாமல் அவனுக்கு வேலை ஓடாது. ஒருநாள் விட்டு ஒருநாள் வந்து நின்றான். "இன்னாணா, நம்ப பெட்டி எழுந்துக்கிச்சா?" என்று, ஆஸ்பத்திரியில் கிடக்கிற ஆளைக் கேட்கிற மாதிரி கேட்டான்.

ஒரு மத்தியானம் சபாபதி கதவை ஒருக்களித்துவிட்டு அந்த மீட்டரைப் பிரித்தார். காந்தத்துக்கு நடுவில் தீப்பெட்டியில் பாதி அளவுக்கு ஒரு சட்டம், அதில் தலைமயிரைவிட மெல்லிசாகக் கம்பி சுற்றியிருந்தது. கம்பி வெளியே வருகிற இடத்தில் அறுந்திருந்தது. ஒரு சுற்றைப் பிரித்து இரண்டு நுனியையும் ஒட்டினால் தீர்ந்தது. சபாபதி இடுக்கியை எடுத்தார். கை ஆடியது. வைத்துவிட்டு மறுபடி எடுத்தார். மூன்றாம் முறை நுனி இன்னும் கொஞ்சம் ஒடிந்தது. அவர் இடுக்கியைக் கீழே வைத்துவிட்டு ஆடுகிற கையை மற்றக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

இந்திராணி அரிசி புடைத்துக்கொண்டிருந்தவள் முறத்தை வைத்துவிட்டு வந்தாள்.

"இப்பிடிக் குடுங்க."

"இது நூல் இல்ல."

"தெரியுது. நூலு இத்தவிடக் கனமாத்தான் இருக்கும்."

அவர் எழுந்திருக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து முக்காலியை நகர்த்தி இடம் விட்டார். கரண்ட் எங்கேயும் இல்லையே என்று அவள் ஒருமுறைக்கு இருமுறை கேட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். கம்பியின் மேல் பூச்சு ஒன்று இருக்கிறது, அதை பிளேடால் லேசாகச் சுரண்டிவிட்டு, சேர்த்து முறுக்கி, ஈயம் ஒரு பொட்டு வைத்து, மேலே அரக்கு ஒரு சொட்டு விடவேண்டும் என்று அவர் சொன்னார். சொல்லிக்கொண்டிருக்கும்போதே வாசலில் யாரோ ரேடியோவோடு வந்து கூப்பிட, எழுந்து போனார். கதவை இழுத்துச் சாத்திக்கொண்டு போனார், உள்ளே யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று தெரியக்கூடாதல்லவா.

இந்திராணி சட்டத்தைக் கையில் எடுத்தாள். நுனி இரண்டும் வழுக்கின. அவள் யோசிக்கவே இல்லை. கை தானாகப் போய் மாடத்திலிருந்த கொட்டாங்கச்சியைத் தொட்டது. சாம்பலைத் தொட்டு, சேர்த்து, ஒரு திருகு. பிடித்துக்கொண்டது. இழுத்துப் பார்த்தாள், விடவில்லை. இதற்குமேல் பிளேடு எதற்கு, ஈயம் உருக்குகிற அந்தச் சூட்டுக்கோலைத் தொடுவது எதற்கு என்று இருந்தது. அரக்குச் சொட்டை மட்டும் விட்டாள்.

திரும்பி வந்த சபாபதி பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தார். அரக்குக்கு அடியில் ஒட்டு எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. சட்டத்தைக் காந்தத்துக்குள் அவளையே உட்கார வைக்கச் சொன்னார். டார்ச் செல்லை வைத்தார். முள் எழுந்து சரியான இடத்தில் நின்றது. மாதக்கணக்கில் பார்க்காத ஒரு முகத்தை இந்திராணி அப்போது பார்த்தாள். அந்த நேரம் பார்த்துத்தான் துரைக்கண்ணு சைக்கிளை வாசலில் சாய்த்தான். சபாபதி மீட்டரை அப்படியே எடுத்துக்கொண்டு போய்க் கொடுத்துவிட்டார். அலமாரியும் இல்லை, காலைச் சோதனையும் இல்லை, தட்டலும் இல்லை.

"கை பட்டா போதும்ணா உனக்கு" என்று அவன் சொல்வது உள்ளே கேட்டது. சபாபதி உம் கொட்டினார். கதவுக்குப் பின்னால் நின்றிருந்தவளுக்கு நெஞ்சில் ஒரு சிலாம்பு குத்தியது போல் இருந்தது. போகட்டும் என்று முறத்தை எடுத்துக்கொண்டாள்.

அடுத்த வாரம் இன்னொரு மீட்டரைப் பிரித்தார்கள். இந்தத் தடவை வாசலில் யாரும் கூப்பிடவில்லை. சபாபதி பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். அவள் கை மாடத்துக்குப் போயிற்று.

"அது எதுக்கு?"

"வழுக்குதே. பிடிக்கணுமில்ல."

அவர் கொட்டாங்கச்சியைப் பார்த்தார். அவள் விரலைப் பார்த்தார். அப்புறம் மெதுவாகக் கேட்டார். "துரைக்கண்ணுதுல சுரண்டினியா?"

அவள் இல்லை என்று தலையசைத்தாள். கோபிக்கப்போகிறார் என்று நினைத்தாள். அவர் கோபிக்கவில்லை. நூலுக்குப் பிடித்தால் போதும், கம்பிக்குப் பிடித்தால் போதாது, பூச்சுக்குள் இருக்கிற செம்பு செம்பைத் தொட வேண்டும் என்று சொன்னார். சாம்பல் பட்டதில் பூச்சு எங்கேயோ துளி தேய்ந்துபோய் அன்றைக்கு முள் எழுந்திருக்கும். சைக்கிள் குலுக்கலில் எந்த நேரமும் விட்டுப்போகும். விட்டுப்போனால் முள் படுத்துக்கொள்ளும், கரண்ட் இல்லை என்று சொல்லும். சொல்லிக்கொண்டே சட்டையை மாட்டினார். பொத்தான் போட வரவில்லை. இந்திராணி போட்டுவிட்டாள். இருவரும் வீட்டைப் பூட்டிக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினார்கள்.

தாமல் ஏரிக்கரையில் இறங்கி வீடு கேட்டுப் போகும்போதே ஒரு கிழவர் சொல்லிவிட்டார், துரைக்கண்ணுவைக் கரண்ட் தூக்கிப் போட்டுவிட்டது என்று. ஆள் பிழைத்துக்கொண்டான், வரப்பில் விழுந்தான், கிணற்றுப் பக்கம் விழுந்திருந்தால் கதை வேறு என்று அவர் சொல்லி முடிக்கிற வரைக்கும் இந்திராணி சபாபதியின் துண்டைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

துரைக்கண்ணு பந்தலடியில் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தான். வலது உள்ளங்கை முழுக்கக் கட்டு. அவர்களைப் பார்த்ததும், சேதி கேட்டு நலம் விசாரிக்க வந்திருக்கிறார்கள் என்று நினைத்து எழுந்திருக்கப் பார்த்தான். அவன் பெண்சாதி பூவம்மாள் பாய் விரித்து மோர் கொண்டுவந்தாள்.

நடந்ததை அவனே சொன்னான். அன்றைக்குக் காலையில் மாகறலில் ஒரு மோட்டார் பார்த்தானாம். மீட்டர் சரியாகத்தான் காட்டியதாம். மத்தியானம் இங்கே ஒரு கிணற்றில் ஸ்டார்ட்டரைத் திறந்து மீட்டரை வைத்தான், முள் அசையவில்லை. கரண்ட் இல்லை என்று கையை வைத்தான்.

"எங்கியோ நான்தான் சரியா வெக்கலணா. பெட்டி உங்கைல வந்தது, அது தப்பாது. எனக்குத்தான் கண்ணும் கையும் போச்சி. இவளும் அழுவுறா. உட்டுட்டு ஏர் பிடிக்கப் போயிடலாம்னு இருக்கேன்."

பூவம்மாள் போதும் சாமி அந்த வேலை என்றாள். சபாபதி மோரைக் கையில் எடுக்காமல் மீட்டரைக் கேட்டார். அது உத்தரத்தில் வாரோடு தொங்கிக்கொண்டிருந்தது, கரண்ட் அடித்த நாளிலிருந்து அதை யாரும் தொடவில்லை. துரைக்கண்ணு எழுந்து, முட்டாமல் மோதாமல் குழந்தையை இறக்குவது போல் இடது கையால் இறக்கிக் கட்டிலில் வைத்தான். சபாபதி பையிலிருந்து டார்ச் செல்லை எடுத்துக் கொடுத்தார். துரைக்கண்ணு கட்டுப்போட்ட கையால் ஒயரைத் தாங்கிப் பிடித்தான்.

முள் எழுந்து சரியான இடத்தில் நின்றது.

"பார்த்தியாணா" என்றான். "அது நல்லாத்தான் இருக்குது."

சபாபதி முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தார். இந்திராணி அவர் முகத்தைப் பார்த்தாள். இந்தப் பெட்டியை இன்னொரு தடவை பார்த்துத் தருகிறேன் என்று சொல்லி எடுத்துக்கொண்டு போய்விடலாம். சரியாகச் சுரண்டி, ஈயம் வைத்து, வேறு பேச்சில்லாமல் திருப்பிக் கொடுத்துவிடலாம். கடைப் பெயரும் நிற்கும். அவன் ஏர் பிடிக்கப் போவான், தன் கையின்மேல் சந்தேகப்பட்டுக்கொண்டே. அவர் வாயைத் திறப்பதற்குள் இவள் பேசிவிட்டாள்.

"தட்டு துரை. பெட்டிய ஒரு தட்டு தட்டு."

அவன் புரியாமல் விரலால் தட்டினான். முள் சரிந்து விழுந்தது. இன்னொருமுறை தட்டினான். எழவில்லை.

"அந்தக் கம்பிய ஒட்டுனது அவரு இல்ல. நானு. சுரண்டச் சொன்னாரு, நான் சுரண்டல. பாவு பிணைக்கிற மாதிரி சாம்பல் தொட்டு முறுக்கிட்டேன்."

துரைக்கண்ணு சபாபதியைப் பார்த்தான். சபாபதி துண்டுக்குள்ளிருந்து வலது கையை எடுத்துக் கட்டில் சட்டத்தின்மேல் வைத்தார். அது அங்கே ஆடிக்கொண்டிருந்தது. எல்லோரும் பார்த்தார்கள்.

"எனக்கு வேலை செய்ய வரலப்பா. ரொம்ப நாளா வரல. அவள விட்டுச் செஞ்சேன். காலைல தட்டிப் பார்க்காம உங்கைல குடுத்தது நான்தான்."

யாரும் அழவில்லை, யாரும் யார் காலிலும் விழவில்லை. முதலில் பேசியது பூவம்மாள். மோர் டம்ளர்களை எடுத்துக்கொண்டாள், குடிக்காததையும் சேர்த்து. என் தாலியை வைத்தா நீங்கள் தொழில் பழகினீர்கள் என்று கேட்டாள். இன்னும் நிறையக் கேட்டாள். எல்லாமே கேட்கவேண்டியதுதான். துரைக்கண்ணு அவளை அடக்கவில்லை. உள்ளங்கைக் கட்டையே பார்த்துக்கொண்டிருந்தவன் கடைசியில், "அப்போ நான் சரியாத்தான் வெச்சிருக்கேன்" என்று மட்டும் சொன்னான். அவர்களிடம் சொன்னதாகத் தெரியவில்லை. மீட்டரை எடுத்துப்போகட்டுமா என்று சபாபதி கேட்டதற்கு வேண்டாம் என்றான்.

திரும்பி வருகிற பஸ்ஸில் சபாபதி கையைத் துண்டுக்குள் வைக்க மறந்திருந்தார், அல்லது இனி எதற்கு என்று விட்டுவிட்டார்.

சேதி அவர்களுக்கு முன்னால் ஊருக்கு வந்துவிட்டது. அலமாரியிலிருந்த பெட்டிகளை ஒவ்வொருவராக வந்து எடுத்துக்கொண்டு போனார்கள். சிலர் சாக்குச் சொன்னார்கள், சிலர் அதுகூடச் சொல்லவில்லை. வாலாஜாபாத்துக்காரர் மட்டும் சபாபதியின் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு, மறுபடி பழுதுக்கு வந்திருந்த தன் ஆஸிலேட்டரையும் தூக்கிக்கொண்டு போனார். லோகாம்பாள் பாவு பிணைக்கும்போது ஒருநாள், "ஏன்டி, இதுலயும் ஷாக் கீக் அடிக்குமா, பார்த்துச் சொல்லு" என்றாள். இந்திராணி குனிந்து அடுத்த நுனியை முறுக்கினாள். பிறகு லோகாம்பாளே, வேலை முடிந்து போகும்போது, இவள் வீட்டு மாடத்திலிருந்த சாம்பல் கொட்டாங்கச்சியை எடுத்துக்கொண்டு போய்த் தன் வீட்டில் வைத்துக்கொண்டாள். பிணைக்கிற வேலை என்றால் இங்கே வந்து எடுத்துக்கொள், உன் வீட்டில் இது வேண்டாம் என்றாள்.

மத்தியானங்களில் இந்திராணி மேஜையில் உட்கார்ந்தாள். கெட்டுப்போன மீட்டர்களின் கம்பியைத் துண்டு துண்டாக வெட்டி, சுரண்டி, முறுக்கி, ஈயம் வைத்துப் பழகினாள். முதலில் பிளேடு கம்பியையே அறுத்தது. சூட்டுக்கோல் விரலைச் சுட்டது. சபாபதி ஒவ்வொரு ஒட்டையும் செல் வைத்துப் பார்த்து, தட்டி, நல்லது ஒரு பக்கம், கெட்டது ஒரு பக்கம் போட்டார். கெட்டது குறைந்துகொண்டு வந்தது. இப்போது கதவைத் திறந்துதான் வைத்திருந்தார்கள். தெருவில் போகிறவர்கள் எட்டிப் பார்த்தார்கள். பார்த்துவிட்டுப் போகட்டும் என்று சபாபதி சொன்னார். வேலைதான் எதுவும் வரவில்லை.

ஏரியில் தண்ணீர் வற்றி மோட்டார் வேலை மும்முரமாகிற சமயத்தில் ஒரு காலை துரைக்கண்ணு வந்தான். கை ஆறியிருந்தது, உள்ளங்கையில் தோல் வெளுத்து இழுத்துக்கொண்டிருந்தது. சைக்கிள் காரியரில் மீட்டர். சபாபதி எழுந்து வாசலுக்குப் போனார். அவன் அவரைத் தாண்டிக்கொண்டு உள்ளே வந்து மீட்டரை மேஜையில் இந்திராணிக்கு முன்னால் வைத்தான். உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை. வேறு ஒருவரிடம் கொடுத்துப் பார்த்தானாம், அவர் முள்ளையே வளைத்துக் கொடுத்தாராம். சென்னைக்கு எடுத்துப்போனால் குப்பையில் போடு என்றார்களாம்.

"நீ ஒட்டு அண்ணி. அவரு பார்க்கட்டும். எங்கண்ணு முன்னாடி தட்டிக் காட்டிட்டுக் குடு. இன்னொரு தபா பூவம்மாகிட்ட என்னால பதில் சொல்ல முடியாது."

இந்திராணி மூடியைக் கழற்றி முதலில் மோந்து பார்த்தாள். சபாபதி அதைப் பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டார். அவள் சீயக்காய் போட்டுக் கையைக் கழுவி, முந்தானையில் ஈரம் போகத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். துரைக்கண்ணு பக்கத்திலேயே நின்றான். பழைய முறுக்கை அவள் வெட்டி எடுத்து அவன் கையில் போட்டாள். இவ்வளவுதானா என்று அவன் வெளுத்த உள்ளங்கையில் வைத்து அதைப் பார்த்தான். பிளேடில் கம்பியின் பூச்சு உரிந்து செம்பு மின்னுகிற வரைக்கும் சுரண்டினாள். ஈயம் வைத்தாள். சபாபதி கண்ணாடி வைத்துப் பார்த்துத் தலையசைத்தார். செல்லை வைத்தார்கள், முள் எழுந்தது. அவனையே தட்டச் சொன்னாள். நாலு பக்கமும் தட்டினான், வேண்டுமென்றே கொஞ்சம் பலமாக. முள் நின்றது.

அவன் வாரை எடுக்கக் கையை நீட்டினான். இந்திராணி மீட்டரைத் தூக்கி அலமாரியில் வைத்துவிட்டாள்.

"நாளைக்குக் காலைல வா."

"இப்பதான் தட்டிக் காட்டினியே அண்ணி. மாகறல்ல ஆளு காத்துக்கினு இருக்கான்."

"இருக்கட்டும். நாளைக்கு."

அவன் சபாபதியைப் பார்த்தான். அவர் கையை மேஜைமேல் வைத்துக்கொண்டு, என்னைக் கேட்காதே என்பது போல் உட்கார்ந்திருந்தார். துரைக்கண்ணு முணுமுணுத்துக்கொண்டே போய்ச் சைக்கிளை எடுத்தான். தெருமுனை திரும்புகிற வரைக்கும் முணுமுணுப்புக் கேட்டது. மறுநாள் பொழுது விடிவதற்குள் வந்து வாசலில் மணி அடித்தான்.